காலை எட்டரை மணிச் சுமோ: டோக்கியோவில் ஆறு நாட்கள்

செப்டம்பர் 17, 2024, செவ்வாய்

டோக்கியோவின் கிழக்கோரத்தில், நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் நிஷி-கசாய் பகுதியில் தம்பியின் வீடு இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து அங்கு வருவதற்குள் என் சேலை முழுவதும் நனைந்துவிட்டது. செப்டம்பர் நடுவில் ஜப்பானில் இதமான குளிர் தொடங்கியிருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, இரண்டு கம்பளிச் சட்டைகளை வேறு சுமந்து வந்திருந்தேன். அவற்றைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்கவே நேரவில்லை.

மாலையில் காய்கறி வாங்கத் தம்பியோடு ரயிலில் சென்றபோது, பெட்டிக்குள் திடீரென்று இனிப்பான எண்ணெய் மணம் ஒன்று பரவியது. நிமிர்ந்து பார்த்தால், பருத்தி யுகாதாவும் மரக்கட்டைச் செருப்பும் அணிந்த இரண்டு இளம் சுமோ வீரர்கள் கதவோரமாக நின்றுகொண்டிருந்தார்கள். இருக்கைகள் காலியாக இருந்தும் அவர்கள் உட்காரவில்லை. அந்த மணம், கொண்டை கட்டுவதற்குத் தலையில் தேய்க்கும் பின்ட்சுகே என்ற மெழுகெண்ணெயின் மணமாம். "சின்னப் பசங்க அக்கா, பெரிய ஆளா இருந்தா கார்ல போவாங்க" என்றான் தம்பி. காலில் கிடந்த மரக்கட்டையைப் பார்த்தே அவர்களின் நிலையைச் சொல்லிவிடலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அடிமட்டத்து இரண்டு நிலைகளில் இருப்பவர்களுக்கு மரச்செருப்புதான். தட்டையான செருப்பு அணிய ஒரு படி ஏற வேண்டும், குளிருக்கு மேலங்கி அணிய இன்னும் ஒரு படி ஏற வேண்டும்.

செப்டம்பர் 18, புதன்

வெப்பம் 35 டிகிரியைத் தாண்டியதாக மாலைச் செய்தியில் சொன்னார்கள். அது தெரியாமல் நான் பகல் முழுவதும் வெளியே சுற்றிக்கொண்டிருந்தேன்.

முதலில் மொன்சென்-நகாச்சோவில் உள்ள தொமியோகா ஹசிமான் கோயிலுக்குச் சென்றேன். கோயில் திருப்பணிக்கு நிதி திரட்டுவதற்காக மல்யுத்தம் நடத்திக் காசு வசூலிக்கும் வழக்கம் எடோ காலத்தில் (1603–1868) இருந்தது. இந்தக் கோயிலில் 1684-இல் அதற்கு அரசு அனுமதி கிடைத்ததிலிருந்துதான் தொழில்முறைச் சுமோவின் கதை தொடங்குகிறது. பின்புறம் மர நிழலில், 1900-இல் நிறுவப்பட்ட பெரும் கல்லில், யோகோசுனா என்ற உச்சநிலையை எட்டியவர்களின் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். இத்தனை நூற்றாண்டுகளில், 2024 செப்டம்பர்வரை, மொத்தம் 73 பேர். அப்போது கடைசிப் பெயர் தெருனொஃபுஜி. நான் பார்க்க வந்த 15 நாள் செப்டம்பர் போட்டியில் அவரைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. உடல்நிலை காரணமாக இம்முறை அவர் முதல் நாளிலிருந்தே களம் இறங்கவில்லை என்ற செய்தியை, கல்லுக்கு முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டிருக்கும்போது தம்பி குறுஞ்செய்தியில் அனுப்பினான். அப்போது இருந்தவர் ஒரே யோகோசுனா, அவரும் இல்லை.

ஏமாற்றத்தோடு அடுத்த ரயிலேறி ரியோகொகு சென்றேன். 1657-இன் பெருந்தீயில் மாண்டவர்களுக்காக எழுந்த எகோஇன் கோயில் அங்கே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் போட்டிகளுக்கு நிலையான இடமாக இருந்தது அதன் வளாகம்தான். முதல் சுமோ அரங்கமும் 1909-இல் அங்கேயே எழுந்தது.

மதிய உணவுக்குச் சந்துக்குள் ஒரு சிறிய சாங்கோ கடையில் நுழைந்தேன். கோழி எலும்புச் சாற்றில் கோழி உருண்டை, சோயாக்கட்டி, முட்டைக்கோஸ், காளான் எல்லாம் கொதிக்கும் சட்டி. வெள்ளைச் சோறோடு 1,500 யென். வீரர்களின் அன்றாட உணவு இதுதான். போட்டிக் காலத்தில் இதில் கோழியைப் போடுவதை நல்ல சகுனமாகக் கருதுகிறார்கள்: ஆடும் மாடும் நான்கு காலில் நிற்பவை, களத்தில் கை தரையில் பட்டால் தோல்வி, கோழியோ இரண்டு காலில் நிற்கிறது. அந்த வெயிலில் கொதிக்கும் சட்டியை யார் கேட்பார்கள் என்று நினைத்தேன், ஆனால் கடை நிரம்பி வழிந்தது. நான் மிளகாய்ப் பொடியைச் சட்டிக்குள் கவிழ்த்ததைப் பார்த்த கடைக்கார அம்மா, ஒன்றும் சொல்லாமல், குவளையில் தண்ணீரை நிரப்பி என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

செப்டம்பர் 19, வியாழன்: போட்டியின் 12-ஆம் நாள்

இன்றைய நாள் ஒரு பிழையில் தொடங்கியது. சீட்டில் அச்சிட்டிருந்த காலை 8:30 என்பதைப் பெரிய வீரர்கள் மோதும் நேரம் என்று நினைத்துக்கொண்டு, எட்டே காலுக்கே கொகுகிகான் அரங்கின் வாசலில் நின்றேன். வண்ணத் துணிக் கொடிகளும் உயரமான பறைக்கோபுரமும் இருந்தன, கூட்டம்தான் இல்லை. 1985-இல் திறக்கப்பட்ட, சுமார் 11,000 பேர் அமரக்கூடிய அந்த அரங்குக்குள் இருநூறு பேர் இருந்திருந்தால் அதிகம். நான் பார்க்க வந்தவர்கள் களமேறுவது மாலை நான்கு மணிக்குமேல் என்று தம்பியிடம் தொலைபேசியில் கேட்ட பிறகுதான் தெரிந்தது. "வெளிய வந்து எங்கயாவது சுத்திட்டுப் போ அக்கா" என்றான். வெளியே வெயில், உள்ளே குளிர்சாதனம். உட்கார்ந்துவிட்டேன். இந்தப் பயணத்தில் நான் செய்த மிக நல்ல தவறு அது.

அரங்கின் நடுவில் களிமண்ணால் இடித்துக் கட்டிய சதுர மேடை. அதன்மேல் பாதி புதைத்த வைக்கோல் சுருள்களால் ஆன 4.55 மீட்டர் விட்டமுள்ள வட்டம். இந்தக் களத்துக்கு தோஹ்யோ என்று பெயர். ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால், வீரர்களின் பெயரைப் பாடி அழைக்கும் யோபிதாஷிகள் தாங்களே மண்ணைக் குழைத்து அதைப் புதிதாகக் கட்டுகிறார்கள். நடுவில் உப்பு, அரிசி, உலர்ந்த கணவாய், கடற்பாசி முதலியவற்றைப் புதைத்துப் பூசை செய்கிறார்கள். வட்டத்தின் நான்கு பக்கத்திலும் ஒவ்வொரு சுருள் மட்டும் சற்று வெளியே தள்ளியிருக்கும். திறந்தவெளியில் ஆடிய காலத்தில் மழைநீர் வடிய விட்ட வழி அது. இன்று, விளிம்பில் தத்தளிப்பவனுக்குக் கிடைக்கும் ஒரு சாண் கூடுதல் நிலம். மேலே கோயில் விமானம் போன்ற கூரை ஒன்று கம்பிகளில் தொங்குகிறது. அதைத் தாங்கிய நான்கு தூண்களும் பார்வையை மறைத்ததால் 1952-இல் அகற்றப்பட்டன. தூண்கள் நின்ற மூலைகளில் இப்போது நான்கு நிறக் குஞ்சங்கள் ஆடுகின்றன.

விதி இரண்டே வரிதான். வட்டத்துக்கு வெளியே கால் வைத்தவன் தோற்றான். உள்ளங்கால் தவிர உடலின் வேறெந்தப் பகுதி தரையில் பட்டாலும் தோற்றான். முஷ்டியால் குத்தக் கூடாது, முடியைப் பிடிக்கக் கூடாது. எடைப்பிரிவு என்று ஒன்றும் இல்லை. வென்ற முறைக்கு 82 பெயர்கள் அதிகாரபூர்வமாக உண்டென்றாலும், அன்று முழுவதும் நான் கண்டவற்றில் பெரும்பாலானவை கச்சையைப் பிடித்து வெளியே நடத்திச் செல்வதும், மார்பில் கைவைத்துத் தள்ளி விடுவதும்தான்.

காலையில் களமேறியவர்கள் ஆறு நிலைகளில் அடியில் உள்ள ஜோனோகுச்சி பையன்கள். ஒருவனுக்குக் கொண்டை போடும் அளவுக்குக் கூட முடி வளரவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்தவன்போல் இருந்தான். எதிரே நின்றவருக்கு நாற்பது வயதுக்குமேல் என்று பக்கத்து இருக்கை மூதாட்டி தன் கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் எனக்குக் காட்டினார். உப்புத் தூவல் இல்லை, காத்திருப்பு இல்லை. பெயர் அழைத்தார்கள், குனிந்தார்கள், மோதினார்கள். பையன் மூன்று நொடியில் மேடையிலிருந்து கீழே விழுந்தான். எழுந்து, ஒட்டிய மண்ணைத் தட்டக்கூட இல்லாமல், மீண்டும் ஏறி, தன் பக்கத்து விளிம்பில் நின்று தலைவணங்கிவிட்டுப் போனான். கைதட்டியது எங்கள் பக்கத்தில் நாலு பேர். நடுவர் வெறுங்காலோடு, அங்கியை முழங்கால்வரை தூக்கிக் கட்டியிருந்தார்.

மூதாட்டி எனக்கு ஒரு கறுப்புச் சர்க்கரை மிட்டாய் கொடுத்தார். நான் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தேன். ஒவ்வொரு முறை கடிக்கும்போதும் எழும் சத்தத்துக்காக அவர் அக்கம்பக்கத்தாரிடம் என் சார்பில் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, தானும் நான்கு முறுக்குகளைத் தின்று முடித்தார்.

நேரம் ஏற ஏறத்தான் எனக்கு ஒரு விஷயம் புலப்படத் தொடங்கியது. ஜோனோகுச்சி, ஜோனிதான், சன்தன்மே, மகுஷிதா என்று நிலை உயர உயர, மேடை அப்படியே இருக்க, மற்ற எல்லாம் ஒவ்வொன்றாக மாறின. உடல்கள் பெருத்தன. நடுவர்களின் அங்கி பட்டாகிப் பளபளத்தது. வெறுங்காலுக்குக் காலுறை வந்தது, கடைசியில் செருப்பும் வந்தது. பிற்பகலில் மகுஷிதா முடிந்து ஜூர்யோ தொடங்கியபோது, யாரோ திரை விலக்கியதுபோல் இருந்தது. கறுப்புப் பருத்திக் கச்சைக்குப் பதில் வண்ணப் பட்டு. சாதாரணக் கொண்டைக்குப் பதில் ஜின்கோ இலை வடிவில் விரித்த பெருங்கொண்டை. கை நிறைய உப்பு. இந்தக் கோட்டுக்கு மேலே ஜூர்யோவில் 28 பேர், அதற்கும் மேலே மகுஉச்சியில் 42 பேர், ஆக 70 பேருக்கு மட்டுமே மாதச் சம்பளம். ஜூர்யோவில் 11 லட்சம் யென். கோட்டுக்குக் கீழே இருக்கும் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சோறும் தங்குமிடமும், போட்டிக்கு ஒருமுறை சிறிய படியும் உண்டு, சம்பளம் கிடையாது. கீழே உள்ளவன்தான் மேலே உள்ளவனின் பையைச் சுமப்பான், முதுகு தேய்ப்பான், இருக்கை மெத்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். மேலே இருப்பவனும் 15 நாளில் எட்டு வெற்றி பெறத் தவறினால் பொதுவாக இறங்க வேண்டியதுதான்; கோட்டைத் தாண்டி இறங்கினால் பட்டும் சம்பளமும் பணியாளும் ஒரே நாளில் போய்விடும்.

நான் பார்க்க முடியாமல் போன தெருனொஃபுஜியின் பெருமை என்ன என்பது அந்த இருக்கையில்தான் எனக்கு விளங்கியது. யோகோசுனாவுக்கு அடுத்த ஓசெக்கி நிலையில் இருந்தவர், முழங்கால் காயத்தாலும் நோயாலும் சரிந்து சரிந்து, 2019-இல் கீழிருந்து இரண்டாவதான ஜோனிதானில், இந்தக் காலைநேர வெற்று அரங்கில் வந்து நின்றார். அங்கிருந்து மறுபடி ஒவ்வொரு படியாக ஏறி 2021-இல் யோகோசுனா ஆனார். தனக்குக் கீழே கைகட்டி நின்றவர்களோடு சமமாக நின்று ஆடிய அந்த மாதங்களை என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. தாங்க முடிந்திருக்குமா என்பதுதான் தெரியவில்லை.

நான்கு மணிக்குமேல் அரங்கு நிரம்பி, உச்சிப் பிரிவு தொடங்கியது. இருவரும் மேடையேறி, கையில் ஆயுதம் இல்லையென்று விரித்துக் காட்டி, காலைத் தூக்கி மிதித்து, உப்பை வீசி, குந்தி முறைத்துவிட்டு, மோதாமல் எழுந்து மூலைக்குப் போகிறார்கள். மறுபடி உப்பு, மறுபடி முறைப்பு. இதற்கு நான்கு நிமிடம். ஒரு நாளில் செலவாகும் உப்பு 45 கிலோ. முன்பெல்லாம் இதற்குக் கால வரம்பே கிடையாதாம். 1928-இல் வானொலி ஒலிபரப்பு வந்த பிறகு, நிகழ்ச்சி நேரத்துக்குள் முடிக்க வேண்டி வரம்பு கொண்டுவந்தார்கள். என்னை மிகவும் வியக்க வைத்தது வேறொன்று: தொடங்கு என்று சொல்லும் அதிகாரம் நடுவருக்கு இல்லை. நேரம் முடிந்ததை மட்டும் அவர் உணர்த்துவார். இரண்டு பேரும் கைகளைத் தரையில் ஊன்றி, மூச்சு ஒன்றாகச் சேரும் கணத்தில் தாங்களே பாய வேண்டும். மூச்சு சேராவிட்டால் திரும்பத் தொடக்கம். சில நொடிகளில் முடியும் சண்டைக்கு நான்கு நிமிடம் எதற்கு என்று காலையில் கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். மாலையில் அந்த நான்காவது நிமிடத்தில் பத்தாயிரம் பேர் சேர்ந்து எழுப்பிய ஆரவாரம் என் இருக்கையின் மரத்தில் அதிர்ந்தது.

அதுவரை 11 நாட்களிலும் வென்றிருந்த ஓனோசாதோ இன்று வகமோதொஹருவிடம் முதல் தோல்வியைச் சந்தித்தார். மூதாட்டி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மகிழ்ச்சியிலா துயரத்திலா என்று செயலி சொல்லவில்லை. அரங்கின் நிலவறைச் சமையற்கூடத்தில் சுடும் கோழிக்குச்சிகள் பேர்போனவை என்று அவர் சொன்னதால் திரும்பும்போது தம்பிக்கு ஒரு பெட்டி வாங்கினேன், 700 யென். ஆறிய பிறகும் சுவையாக இருக்கும்படி செய்கிறார்கள் என்பது உண்மைதான். வீடு சேரும்போது பெட்டியில் இரண்டு குச்சிகள் மட்டுமே மிச்சம் இருந்தன.

செப்டம்பர் 20, வெள்ளி

ஹமாச்சோவில் உள்ள, வீரர்கள் தங்கிப் பயிலும் அராஷியோ கூடத்தின் பயிற்சியைத் தெருவில் நின்றபடியே பெரிய கண்ணாடிச் சாளரம் வழியாகப் பார்க்கலாம். நேற்று ஓனோசாதோவை வீழ்த்திய வகமோதொஹரு, அவருடைய தம்பி வகதகாககே ஆகியோரின் கூடம் இது. போட்டிக்காலம் என்பதால் கடுமையான மோதல்கள் இல்லை. கறுப்புக் கச்சை அணிந்த இளையவர்கள் கால் தூக்கி மிதித்துக்கொண்டும், பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமல் தேய்த்தபடியே நகர்ந்துகொண்டும் இருந்தார்கள். வெள்ளைக் கச்சை அணியும் உரிமை சம்பளக் கோட்டுக்கு மேலே உள்ளவர்களுக்கே. முற்பகல்வரை யாரும் எதுவும் சாப்பிடுவதில்லை. குளிப்பதிலும் சாப்பிடுவதிலும் மூத்தவர்களுக்கே முதலிடம். சமைத்த இளையவர்கள் அருகில் நின்று பரிமாறிவிட்டு, சட்டியில் எஞ்சியதைக் கடைசியில் உண்பார்கள்.

கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்ற ஒரு சுற்றுலாப் பயணியைப் பார்த்து, பக்கத்தில் நின்ற உள்ளூர்க்காரர் ஒருவர், அவரிடம் ஒன்றும் சொல்லாமல், தான் மட்டும் வேண்டுமென்றே இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று காட்டினார். பயணிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, நானும் நகர்ந்தேன்.

இரவு, தகாகேய்ஷோ ஓய்வுபெறுகிறார் என்ற பேச்சு. ஜூலையோடு ஓசெக்கி நிலையை இழந்தவர். இந்தப் போட்டியில் பத்து வென்றிருந்தால் மீண்டிருப்பார். முதல் இரண்டு நாளும் தோற்று விலகினார். வயது 28.

செப்டம்பர் 21, சனி

சீட்டு கிடைக்கவில்லை, தம்பி வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தோம். காலையிலிருந்தே இஷிகாவா மாநிலத்தின் நோதோ தீபகற்பத்தில் பெருமழை என்ற செய்தி ஓடிக்கொண்டிருந்தது. புத்தாண்டு நாளின் நிலநடுக்கத்தில் வீடிழந்து, தற்காலிகக் குடியிருப்புகளில் இருந்தவர்களை இப்போது வெள்ளம் சூழ்ந்திருந்தது. ஓனோசாதோ அதே இஷிகாவாக்காரர். மாலையில் அவர் ஹோஷோர்யூவை வென்று, ஒரு நாள் மீதமிருக்கும்போதே கோப்பையை உறுதி செய்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. சுமோவில் வென்றவன் களத்தில் குதூகலிப்பது மரியாதைக் குறைவு என்பது எனக்குத் தெரியும். அன்று அது மட்டும்தான் காரணமா என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

தம்பி ஒரு கேள்வி கேட்டான்: "நீ சொன்ன ஏணியில இவன் எங்கேருந்து ஏறினான்?" தொழில்முறை சாராப் போட்டிகளில் சாம்பியன் என்பதால் ஓனோசாதோவுக்கு அடிப்படிகள் இல்லை, 2023 மே மாதம் நேராக மகுஷிதாவில் தொடங்கினார். ஏறிய வேகத்துக்கு முடிதான் ஈடுகொடுக்கவில்லை. இரண்டாவது முறை கோப்பை வென்றபோதும் பெருங்கொண்டை போடும் நீளம் அவருக்கு வளர்ந்திருக்கவில்லை. வியாழக்கிழமைப் பையனை நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு: நிறைவு நாள்

இன்று தம்பியும் நானும் பெட்டி இருக்கையில். காலணியைக் கழற்றி, மெத்தையில் சம்மணமிட வேண்டும். நமக்கென்ன, தரையில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள்தானே என்று தம்பியிடம் பெருமை பேசியிருந்தேன். இரண்டு மணி நேரத்தில் என் வலது கால் மரத்து, எழுந்து நிற்க முயன்றபோது முன்பெட்டிக்காரரின் பீர்க் குவளைமேல் சாய்ந்துவிட்டேன். அவரோ என் கால் சரியாகிவிட்டதா என்று மூன்று முறை விசாரித்தார்; நனைந்த தன் காற்சட்டையைப் பற்றிப் பேசவே இல்லை. தம்பி வாங்கிக் கொடுத்த புதிய குவளையை இரண்டு கையாலும் பெற்றுக்கொண்டு, பதிலுக்கு வறுத்த பச்சைச் சோயாக் காய் ஒரு பொட்டலம் தந்தார்.

முக்கியப் போட்டிகளுக்குமுன் விளம்பரப் பதாகைகள் வட்டத்தைச் சுற்றி வந்தன. இந்தப் போட்டியில் ஒவ்வொரு பதாகைக்கும் வென்றவன் கையில் 30,000 யென். நடுவர் விசிறியில் வைத்து நீட்டும் உறைக்கட்டின் தடிமனை இந்தக் கூட்டம் வாயால் எடை போடுகிறது. நின்ற இடத்திலிருந்து பாயாமல் சட்டென்று விலகி எதிராளியை விழவைத்து ஒருவர் வென்றார். விதிப்படி அது சரியே. ஆனால் அரங்கு முழுவதும் எழுந்த அந்தப் பெருமூச்சு, தோற்றவருக்குக் கிடைத்த கைதட்டலைவிட நீளமாக இருந்தது. கடைசியில் அபி என்ற வீரர், கோப்பையை ஏற்கெனவே வென்றுவிட்ட ஓனோசாதோவைத் தோற்கடித்தார். 13 வெற்றி, 2 தோல்வி. இரண்டு தோல்விகளும் நான் அரங்கில் இருந்த நாட்களில்தான் என்பதைத் தம்பி எனக்கு இப்போதும் நினைவூட்டுகிறான்.

29 கிலோ எடையுள்ள பேரரசர் கோப்பையை அவர் வாங்கினார். அடுத்தடுத்துப் பல கோப்பைகள், கொடுக்க மேடையேறியவர்கள் எல்லாரும் ஆண்கள். பெண்கள் இந்த வட்டத்தில் கால் வைக்கக் கூடாது. ஓசாகாவின் ஆளுநராக ஒரு பெண் இருந்த ஆண்டுகளில் அவராலும் அங்கே நடந்த போட்டியில் மேடையேறிக் கோப்பை வழங்க முடியவில்லை. 2018-இல் மைசுரு நகரில், மேடையில் மயங்கி விழுந்த மேயருக்கு முதலுதவி செய்ய ஓடிய பெண்களை இறங்கச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்து, பின்னர் சங்கம் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்புக் கேட்டார்கள், விதியை மாற்றவில்லை. இந்த ஆறு நாளில் இந்த விளையாட்டின்மேல் எனக்கு வந்த பிரியத்தில், இந்த ஓர் இடத்தில் மட்டும் முள் குத்துகிறது. அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

பரிசளிப்பு முடிந்ததும் பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. தம்பியும் பையை எடுத்தான். வியாழக்கிழமை மூதாட்டி, கடைசிவரை இருந்து பார் என்று செயலியில் எழுதிக் காட்டியிருந்ததால் நான் அவனை இழுத்து உட்கார வைத்தேன். இந்தப் போட்டியில்தான் புதிதாகச் சேர்ந்து, பெயர்ப் பட்டியலில்கூட இன்னும் இடம்பெறாத பையன்கள் சிலர் மேடையேறினார்கள். முதல் நாளுக்குமுன் களத்துக்கு அழைத்த தெய்வத்தை வழியனுப்ப வேண்டும். அதைச் செய்வது இவர்கள்தான். காகிதக் குஞ்சம் கட்டிய கோலை ஏந்தி நடுவில் நின்ற ஒரு நடுவரை அவர்கள் சூழ்ந்துகொண்டு, தூக்கி மேலே எறிந்து பிடித்தார்கள், மூன்று முறை. இரண்டாவது முறை உயரம் கொஞ்சம் கூடிவிட்டது. பையன்களில் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டான்.